ஒரு தேயிலைப் பெட்டியும் பல நாட்டுச் சட்டங்களும்



கொழும்பிலிருந்து பதுளைக்குச் செல்லும் புகையிரதப் பாதையில், தலவாக்கலைக்கும் கிரேட் வெஸ்டர்னுக்கும் இடையே வட்டகொடை என்னும் சிறு நிலையம் ஒன்று இருக்கிறது. கடல்மட்டத்திலிருந்து நாலாயிரம் அடிக்கு மேற்பட்ட இடம் அது. எத்திசை நோக்கினும் தேயிலைச் செடிகள், இடையிடையே லயங்கள், மேட்டிலே தொழிற்சாலை, பள்ளத்திலே கோயில். உலகத்தின் பெரிய வர்த்தக நகரங்களுக்கும் இச்சிற்றூருக்கும் என்ன தொடர்பு என்று வழிப்போக்கர் ஒருவர் கேட்கக்கூடும். ஆயினும், பல நாடுகளின் அரசியலும் பொருளாதாரமும் சட்டமும் ஒன்றையொன்று சந்திக்கும் இடம் யாது என்று வினவினால், வட்டகொடையைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களைக் காட்டுவது பொருத்தமான விடையாகும்.

சற்று எண்ணிப் பாருங்கள். செடி நிற்கும் நிலம் இலங்கைச் சட்டத்துக்கு உட்பட்டது. இம்மலைநாட்டில் அத்தகைய நிலத்துக்கு உரிமை பூண்டிருந்த கம்பெனிகள் பலவும் நெடுங்காலம் இங்கிலாந்தின் கம்பெனிச் சட்டத்துக்கு உட்பட்டிருந்தன. கொழுந்து பறித்த கைகளோ தமிழ்நாட்டிலிருந்து கடல் கடந்து வந்தவை. அவற்றின் வரவை ஒரு காலத்தில் இந்தியச் சட்டம் கட்டுப்படுத்திற்று. வாட்டி, அரைத்து, உலர்த்தி, சலித்துப் பெட்டியிலிட்ட தூளை வாங்குவோர் ஈராக்கிலும் ஈரானிலும் ரஷ்யாவிலும் ஜப்பானிலும் இருக்கின்றனர். ஒவ்வொரு நாட்டிலும் ஒரு சுங்கம், ஒரு நாணயம், ஒரு சுகாதார விதி. ஒரே பெட்டியின் மேல் இத்தனை அரசுகளின் கைகள் படுகின்றன.

ஒரு நாட்டிலே மட்டும் வாணிகம் செய்வோருக்கு ஒரு சட்டப் புத்தகம் போதும். பல நாடுகளில் கால் வைத்த ஸ்தாபனத்துக்கோ பல புத்தகங்கள் வேண்டும்; அவை ஒன்றோடொன்று ஒத்துப்போவதுமில்லை. ஒரு சட்டம் முடியும் இடத்துக்கும் மற்றொரு சட்டம் தொடங்கும் இடத்துக்கும் நடுவே இடைவெளி ஒன்று விழுகிறது. அந்த இடைவெளியால் ஒரு செலவு உண்டாகிறது. அச்செலவு யாருடைய கணக்கில் எழுதப்படுகிறது என்பதே இன்றைய பேச்சின் பொருள். தேயிலையின் வரலாற்றைக்கொண்டு அதனை ஆராய்வோம்.

முதலில் கம்பெனியை எடுத்துக்கொள்வோம். 1867 ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெய்லர் என்பவர் லூல்கந்துரைத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். 1869 இல் கோப்பிச் செடிகளில் இலைநோய் கண்டது. சில ஆண்டுகளில் கோப்பி அழிய, அந்த மலைகளெல்லாம் தேயிலையாயின. இருப்புப் பாதை 1885 இல் நானுஓயா வரை வந்தபோது வட்டகொடைப் பகுதித் தேயிலை கொழும்புத் துறைமுகத்தை எளிதில் அடைய வழி பிறந்தது. தோட்டங்களை வாங்கவும் தொழிற்சாலைகளைக் கட்டவும் பெருமுதல் வேண்டியிருந்தது. அந்த முதல் பெரும்பாலும் இங்கிலாந்தில் திரட்டப்பட்டது.

அவ்வாறு இங்கிலாந்தில் பதிவாகிப் பவுண் நாணயத்தில் பங்கு விற்றவை ஸ்டேர்லிங் கம்பெனிகள் எனப்பட்டன. இலங்கையில் பதிவாகி ரூபாவில் முதல் திரட்டியவை ரூபாக் கம்பெனிகள். ஸ்டேர்லிங் கம்பெனிக்குத் தலை இலண்டனில், கை கொழும்பில், கால் மலைநாட்டில். இயக்குநர்கள் இலண்டனில் கூடுவர். கொழும்பிலிருந்த ஏஜென்சி நிறுவனம் அவர்களுடைய பிரதிநிதியாக நின்று, உரமும் அரிசியும் வாங்கி அனுப்பும். தேயிலையை விற்றுக் கொடுக்கும். வாங்கியதற்கும் விற்றதற்கும் தரகு எடுத்துக்கொள்ளும். தோட்டத்தில் பெரிய துரை நிர்வாகம் செய்வார். அவருடைய வேலையைப் பார்வையிட்டு அறிக்கை எழுத விசிட்டிங் ஏஜெண்டு என்ற அதிகாரி மலைக்கு வந்து போவார். அந்த அறிக்கை கொழும்பு சென்று, அங்கிருந்து கப்பலேறி இலண்டனை அடையும்.

இந்த ஏற்பாட்டில் உள்ள திறமையை மறுக்க முடியாது. ஆறாயிரம் மைலுக்கு அப்பாலிருந்து ஒரு தோட்டத்தை நடத்துவது எளிய காரியமன்று. நிலத்துக்கு இலங்கைச் சட்டத்தையும், பங்குதாரர் கூட்டத்துக்கு ஆங்கிலச் சட்டத்தையும், விற்பனைக்கு ஏலத்தின் விதிகளையும் அந்தந்த இடத்தில் அறிந்தவரைக்கொண்டு நிறைவேற்றினார்கள். பல நாடுகளில் தொழில் நடத்துவோருக்கு இது முதற்பாடம்: எல்லாவற்றையும் ஒரே அலுவலகத்திலிருந்து ஆள நினையாமல், எந்தச் சட்டம் எங்கே வாழ்கிறதோ அங்கே அதை அறிந்த ஒருவரை அமர்த்த வேண்டும்.

ஆனால் இதே ஏற்பாட்டில் ஒரு குறையும் இருந்தது. தோட்டத்தில் நடப்பது இலண்டனுக்கு எண்களாக மட்டுமே போய்ச் சேர்ந்தது. ஏக்கருக்கு எத்தனை இறாத்தல், இறாத்தலுக்கு எத்தனை சதம் செலவு என்பவை தெரிந்தன. லயத்தின் கூரை ஒழுகுவது எந்த நிரலிலும் வராது. நிரலில் வராத துன்பத்துக்கு அக்காலத்தில் மருந்தும் வாய்க்கவில்லை.

இனித் தொழிலாளரைப் பற்றிய சட்டங்களைக் காண்போம். ஆரம்ப காலத்தில் தொழிலாளரை அழைத்து வந்தவர் கங்காணி. அவர் தம் ஊரிலும் அயலூரிலும் உறவினரையும் ஊராரையும் திரட்டி முன்பணம் கொடுத்து அழைத்து வருவார். அந்த முன்பணம் கடனாகி, கடன் நாளுக்கு நாள் வளர்ந்தது. தொழிலாளர் ஒரு தோட்டத்தை விட்டு மற்றொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால், இன்ன கடனைச் செலுத்தினால் இவர்களை விடுவிப்பேன் என்று துரை எழுதிக் கொடுக்கும் துண்டு வேண்டும். 1865 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சட்டத்தின்படி, முன்னறிவித்தல் இன்றி வேலையை விட்டுப் போவதே குற்றம். ஆக, தொழிலாளரைத் தோட்டத்தோடு கட்டி வைத்தவை ஒரு துண்டுக் காகிதமும் ஒரு தண்டனைச் சட்டமுமே. அவர்கள் பிறந்த நாட்டின் சட்டம் மண்டபத்துக்கு அப்பால் எட்டவில்லை.

1920 களில் இந்நிலை மாறத் தொடங்கிற்று. துண்டு முறை 1921 இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. 1922 இல் இந்தியாவில் குடிபெயர்வுச் சட்டம் இயற்றப்பட்டது. இந்திய அரசு அனுமதித்த நாடுகளுக்கு மட்டும், அது விதிக்கும் நிபந்தனைகளுக்கு உட்பட்டே உடலுழைப்புத் தொழிலாளர் செல்லலாம் என்று அச்சட்டம் கூறிற்று. அதற்கு இசையும்படி இலங்கையில் 1923 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்கச் சட்டம் பிறந்தது. இந்திய அரசின் ஏஜெண்டு ஒருவர் கண்டியிலே வந்து அமர்ந்தார். 1927 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டம் குறைந்தபட்சச் சம்பளத்துக்கு வழி செய்தது. அதன்படி மலைநாட்டின் உயர்ந்த பகுதித் தோட்டங்களில் ஆணுக்கு 54 சதமும் பெண்ணுக்கு 43 சதமும் நாட்சம்பளமாக வகுக்கப்பட்டன.

இதில் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. டில்லியில் இயற்றிய சட்டத்துக்கு வட்டகொடையில் நேர் அதிகாரம் இல்லை. ஆயினும் தோட்டத்துரைமார் அதற்கு இணங்கினார்கள். காரணம் யாது? இணங்காவிட்டால் ஆள் வரவு நின்றுவிடும். ஒரு தொழிலுக்கு வேண்டிய முக்கியப் பொருளோ ஆளோ எந்த நாட்டிலிருந்து வருகிறதோ, அந்த நாட்டின் சட்டம் எல்லை தாண்டி வந்து அத்தொழிலைப் பிடித்துக்கொள்ளும். இக்காலத்தில் ஐரோப்பாவில் விற்கப்படும் பொருளுக்கு ஐரோப்பிய விதி ஆசியத் தொழிற்சாலைக்குள் வந்து நிற்பதும் இதே முறையினால்தான். அன்று அந்தப் பிடியினால் நன்மை பெற்றவர் தொழிலாளர்.

ஆனால் அதே பிடி கதவையும் அடைக்கவல்லது. இலங்கை அரசு தன் இலாகாக்களில் நாட்கூலிக்கு வேலை செய்த இந்தியர்களை விலக்க முற்பட்டபோது, 1939 ஆகஸ்டில் இந்திய அரசு இலங்கைக்கு உடலுழைப்புத் தொழிலாளர் செல்வதைத் தடை செய்தது. நூறாண்டுகளாக ஆண்டுதோறும் ஓடிக்கொண்டிருந்த ஆறு ஒரே உத்தரவில் நின்றது. இரு அரசுகளின் பிணக்குக்குத் தோட்டம் ஒரு காரணமன்று; விளைவு மட்டும் தோட்டத்துக்கு வந்தது. ஊருக்குப் போனவர் திரும்ப முடியாமலும், இங்கிருந்தவர் போக அஞ்சியும் குடும்பங்கள் இரு கரையிலும் பிரிந்து நின்றன.

நேயர்களே, இனி வருவது இவ்வரலாற்றின் மிகக் கடினமான பகுதி. 1947 இல் நடைபெற்ற பாராளுமன்றத் தேர்தலில் தலவாக்கலைத் தொகுதியின் மக்கள், வட்டகொடைப் பகுதியைச் சேர்ந்த மடக்கும்புரத் தோட்டத்தில் பிறந்த கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளையைத் தம் பிரதிநிதியாகத் தெரிவு செய்தனர். அடுத்த ஆண்டில், 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. தந்தை, அல்லது பாட்டனும் பூட்டனும், இலங்கையில் பிறந்தமைக்குச் சான்று கேட்டது அச்சட்டம். லயத்தில் பிறந்தோருக்கு அத்தகைய பதிவு எங்கே கிடைக்கும்? பெரும்பாலோர் பிரஜாவுரிமை இழந்தனர். 1949 இல் வந்த தேர்தல் சட்டத் திருத்தத்தினால் வாக்குரிமையும் இழந்தனர். இந்தியாவும் அவர்களைத் தானாக ஏற்றுக்கொள்ளவில்லை. இவ்வாறு பல இலட்சம் மக்கள் நாடற்றவராயினர்.

கம்பெனியின் நிலையோடு இதனை ஒப்பிட்டுப் பாருங்கள். அதே தோட்டத்தின் கம்பெனி இலண்டனில் பதிவு பெற்றிருந்தது. கொழும்பில் அதற்குப் பிரதிநிதி இருந்தார். இரு நாட்டு நீதிமன்றங்களிலும் அது வழக்குத் தொடுக்கலாம். காகிதத்தில் பிறந்த அந்த ஸ்தாபனத்துக்கு இரண்டு வீடுகள் இருந்தன. அதற்காக உழைத்த மனிதருக்கு ஒரு வீடும் இல்லை. சட்டங்களின் இடைவெளியைத் தாண்டப் பாலம் கட்டிக்கொள்ளும் வசதி முதலுக்கு இருந்தது; உழைப்புக்கு இல்லாமற் போயிற்று.

1964 அக்டோபர் 30 இல் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேரை 1974 இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. தாயகம் திரும்பும் ஒரு குடும்பம் கொண்டுசெல்லக்கூடிய சொத்தின் உச்ச வரம்பை 4,000 ரூபாவுக்குக் கீழே குறைக்கலாகாது என்று அவ்வொப்பந்தத்தில் ஒரு வாசகம் உண்டு. தலைமுறைகளின் உழைப்புக்கு இரு அரசுகள் சேர்ந்து வைத்த வரம்பு அத்தகையது.

தலைமன்னாரிலிருந்து கப்பலேறியவர்களில் ஒரு பகுதியினருக்குத் தமிழ்நாடு அரசின் தேயிலைத் தோட்டங்கள் வேலை கொடுத்தன. நீலகிரியில் 1968 இல் தொடங்கிய அத்தோட்டங்களே பின்னர் டான்டீ என்ற கம்பெனியாயின. கொழுந்து அதேதான், கூடை அதேதான், சம்பளம் நிர்ணயிக்கும் சட்டமும் கடவுச்சீட்டின் நிறமும் மாறியிருந்தன. 1984 இல் கப்பற் போக்குவரத்து நின்றதால் எஞ்சியோர் இங்கேயே தங்கினர். 1988 இலும், பின்னர் 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டத்தினாலும் நாடற்ற நிலை தீர்ந்தது. 1948 முதல் 2003 வரை 55 ஆண்டுகள்! ஒரு சட்ட இடைவெளியை அடைக்க இத்தனை காலம் சென்றது.

இதற்கிடையே தோட்டத்தின் உரிமையாளரும் மாறினார். 1972 ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டம் தனியார் நிலத்துக்கு 50 ஏக்கர் உச்ச வரம்பு விதித்தது. 1975 இன் திருத்தச் சட்டம் கம்பெனித் தோட்டங்களையும் அரசுடைமையாக்கிற்று. ஜனவசம எனப்படும் ஜனதா தோட்ட அபிவிருத்திச் சபையும் அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனமும் அவற்றைப் பெரும்பாலும் நடத்தின. 1992 இல் நிர்வாகம் மீண்டும் தனியாரிடம் சென்றது. இருபதுக்கு மேற்பட்ட பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பெனிகள் அமைக்கப்பட்டன. நிலம் அரசினுடையது, அதனை 53 ஆண்டுக் குத்தகைக்குப் பெற்றவை அக்கம்பெனிகள், அரசின் கையில் தங்கப் பங்கு என்று ஒன்று வைக்கப்பட்டது.

ஒரு தேயிலைச் செடி நூறு ஆண்டு வாழும். அந்த ஆயுளுக்குள் அது மூன்று பொருளாதார முறைகளைக் கண்டுவிட்டது. பங்குதாரருக்கு இலாபம் தேடுவது முதல் முறையின் கணக்கு. திறைசேரிக்கு அந்நியச் செலாவணியும் நாட்டுக்கு வேலைவாய்ப்பும் தேடுவது இரண்டாவதன் கணக்கு. குத்தகை முடியும் ஆண்டை மனத்திற்கொண்டு முதலீடு செய்வது மூன்றாவதன் கணக்கு. மறுநடுகை செய்த செடி பலன் தரப் பல ஆண்டுகள் ஆகும். அதன் முழுப் பலன் வருவதற்குப் பல பத்தாண்டுகள் வேண்டும். குத்தகைக் காலம் குறையக் குறைய, நட்டுவைக்கும் ஊக்கமும் குறைவது இயல்பு. ஆகவே சட்டத்தில் எழுதப்பட்ட ஓர் ஆண்டு எண் மலையில் நிற்கும் செடியின் வயதையும் தீர்மானிக்கிறது.

அந்நிய நாட்டில் நிலத்தின் மேல் முதலிடுவோர் அனைவரும் எண்ணத்தக்கது இது. நம் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் பர்மாவில் கடன் கொடுத்து வாங்குவதில் பெருந்திறமை காட்டினார்கள். நிலம் வாங்குவது அவர்களுடைய நோக்கமாக இருந்ததில்லை. 1930 களின் விலை வீழ்ச்சியில் கடன்கள் திரும்பி வராமல், அடமான நிலங்கள் அவர்கள் கைக்கு வந்தன. கீழ்ப் பர்மாவின் நெல் நிலங்களில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு அவர்கள் பெயருக்கு மாறிற்று. பின்னர் போர் வந்தது, விடுதலை வந்தது, 1948 இல் நிலங்களை நாட்டுடைமையாக்கும் சட்டமும் வந்தது. பணம் எல்லை தாண்டும்; நிலம் தாண்டாது. அந்நிலத்தில் உழுபவர் தம்மைப் பங்காளியென எண்ணாதிருந்தால், சட்டப் புத்தகத்திலுள்ள உரிமை எத்தனை நாள் நிலைக்கும்?

இனிச் சந்தைக்கு வருவோம். 1873 இல் இலண்டனுக்குச் சென்ற முதல் இலங்கைத் தேயிலையின் நிறை 23 இறாத்தல். 1883 ஜூலை 30 இல் கொழும்பில் முதல் ஏலம் நடந்தது. நெடுங்காலம் இலண்டன் ஏலமே உலக விலைக்கு அளவுகோலாக இருந்தது. அது 1998 ஜூன் 29 இல் இறுதியாக நடந்து முடிந்தது. கொழும்பு ஏலமோ தொடர்ந்தது. 2020 ஏப்ரலில், தொற்றுநோயினால் மக்கள் கூட முடியாத நிலையில், அது ஏல மண்டபத்தை விட்டுக் கணினித் திரைக்கு மாறிற்று.

வாங்கும் நாடுகளின் அரசியல் இங்குள்ள விலையை அசைக்கிறது. 1990 ஆகஸ்டில் ஈராக்கின் மீது ஐக்கிய நாடுகள் சபை தடை விதித்தபோது, இலங்கைத் தேயிலையின் ஒரு பெரிய சந்தை சட்டென்று சுருங்கிற்று. ஈரானியர் இலங்கைத் தேயிலையை விரும்பி அருந்துபவர்; ஆனால் அமெரிக்கத் தடைகளினால் வங்கிகள் அந்நாட்டுப் பணத்தைக் கையாள அஞ்சின. வாங்க மனமும் விற்க மனமும் இருந்தும், நடுவே பணம் நடக்க வழியில்லை. மறுபுறம் ஈரானிடம் வாங்கிய எண்ணெய்க்காக இலங்கை 25 கோடி டொலர் அளவுக்குக் கடன்பட்டிருந்தது. 2021 டிசம்பரில் இரு நாடுகளும் ஓர் உடன்பாடு கண்டன. இங்குள்ள ஏற்றுமதியாளர் ஈரானுக்குத் தேயிலை அனுப்புவர். அதற்குரிய ரூபா அவர்களுக்கு இங்கேயே கொடுக்கப்படும். அத்தொகை கடனில் கழிக்கப்படும். தேயிலை உணவுப் பொருள் என்பதால் தடைகளுக்கு இது மாறாகாது என்று இலங்கை விளக்கிற்று.

இதனைப் பண்டமாற்று என்று சிலர் இகழக்கூடும். 1952 இல் இலங்கை சீனாவுடன் இறப்பருக்கு அரிசி என்று ஒப்பந்தம் செய்தபோதும் அப்படித்தான் இகழ்ந்தார்கள். அமெரிக்க உதவியும் அதனால் கிடைக்காமற் போயிற்று. ஆயினும் நாட்டுக்கு அரிசி வந்தது. இறப்பருக்கு நல்ல விலை வந்தது. வேறுபட்ட இரு அரசியல் முறைகள் ஒன்றையொன்று ஒப்புக்கொள்ளாமலே கொடுக்கல் வாங்கல் செய்யலாம். இருவருக்கும் தேவையான பொருள் எது, இருவரும் மீறாத விதி எது என்று அறிந்தால் போதும்.

சுகாதார விதிகளும் அரசியலைப் போலவே வலியவை. 2017 டிசம்பரில் ஒரு தேயிலைச் சரக்கில் வண்டு ஒன்று காணப்பட்டதாகக் கூறி ரஷ்யா இலங்கைத் தேயிலைக்குத் தற்காலிகத் தடை விதித்தது. இரு வாரங்களுக்குள் பேச்சுவார்த்தையினால் தடை நீங்கியதெனினும், ஒரு சிறு வண்டினால் ஒரு தேசமே கலங்கிற்று. ஜப்பானிய விதியின் கதை இன்னும் நுட்பமானது. 2015 இல் இலங்கை அரசு கிளைபோசேட் என்ற களைகொல்லியைத் தடை செய்தது. களை வளர்வதை நிறுத்தாதபடியால் சில தோட்டங்கள் வேறு மருந்தை நாடின. அம்மருந்தின் எச்சத்துக்கு ஜப்பானில் மிகக் கடுமையான வரம்பு இருந்தது. கொழும்பின் உத்தரவுக்குக் கீழ்ப்படிந்தவர் தோக்கியோவின் உத்தரவில் இடறினார். 2018 இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் அத்தடை தளர்த்தப்பட்டது. விற்கும் நாட்டுச் சட்டத்தை மட்டும் படித்துவிட்டு மருந்து தெளிக்கலாகாது. வாங்கும் நாட்டுச் சட்டத்தையும் படித்த பிறகே தெளிகருவியைத் தோளில் ஏற்ற வேண்டும்.

இவ்வளவு கூறிய பின், தொடக்கத்திலே கேட்ட கேள்விக்கு விடை காண வேண்டும். இடைவெளியின் செலவு யாருடைய கணக்கில் எழுதப்படுகிறது? அண்மைக் காலத்து நிகழ்ச்சி ஒன்றைக்கொண்டு அளந்து பார்ப்போம். 2021 மார்ச்சில், சம்பளச் சபையின் முடிவின்படி தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,000 ரூபாவென வர்த்தமானியில் வெளியாயிற்று. அன்று ஒரு டொலருக்கு ஏறத்தாழ 200 ரூபா. எனவே அச்சம்பளம் 5 டொலர். 2022 ஏப்ரலில் அரசு வெளிநாட்டுக் கடன் செலுத்துவதை நிறுத்தி வைத்தது. சில வாரங்களில் ஒரு டொலர் 360 ரூபாவாயிற்று. அதே 1,000 ரூபா 3 டொலருக்கும் குறைவாகச் சுருங்கிற்று. ஏலத்திலே தேயிலையின் சராசரி ரூபா விலையோ முந்திய ஆண்டைப்போல் ஏறத்தாழ இரு மடங்காயிற்று.

கம்பெனிகள் அந்த உயர்வு முழுவதையும் இலாபமாக எடுத்துக்கொண்டன என்று சொல்வது நியாயமாகாது. 2021 இல் இரசாயன உர இறக்குமதி தடைப்பட்டதால் விளைச்சல் குன்றிற்று. எரிபொருளும் உரமும் பெட்டியும் விலையேறின. ஆயினும் ஒன்றைக் கவனியுங்கள். விற்பனை விலை நாணயத்தோடு சேர்ந்து தானே ஏறிற்று. உரத்தின் விலையும் தானே ஏறிற்று. கொழுந்து பறிப்பவரின் சம்பளம் மட்டும் தானே ஏறவில்லை. அது ஏறுவதற்கு இன்னொரு சபைக் கூட்டமும், இன்னொரு வர்த்தமானியும், 2024 ஆம் ஆண்டும் வர வேண்டியிருந்தது. அப்போது அது 1,350 ரூபாவாயிற்று. இடையில் கோதுமை மாவின் விலை யாருக்கும் காத்திருக்கவில்லை.

துண்டுக் காலத்திலும், 1939 இலும், 1948 இலும், 2022 இலும் ஒரே உண்மையைக் காண்கிறோம். அரசுகளும் சட்டங்களும் நாணயங்களும் ஒன்றோடொன்று பொருந்தாதபோது, சட்டத்தரணியும் கணக்காளரும் வைத்திருப்பவர் அந்தப் பொருந்தாமையைத் தம்மிடமிருந்து தள்ளிவிட வல்லவர். அது கைமாறிக் கைமாறி, தள்ளிவிட ஆளில்லாதவரிடம் போய்ச் சேருகிறது. நிர்வாகி அதைத் திட்டமிட்டுச் செய்ய வேண்டியதில்லை. ஒன்றும் செய்யாதிருந்தாலே போதும்; தண்ணீர் பள்ளத்துக்கு ஓடுவதுபோல் அது தானே ஓடும்.

ஆகையால் பல நாடுகளில் தொழில் நடத்துவோர் கைக்கொள்ளத்தக்க முறைகள் சிலவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். முதலாவது, ஒவ்வொரு நாட்டுக்கும் தனிப் பதிவேடு வைத்து, அந்நாட்டுச் சட்டம் அறிந்தவரிடம் ஒப்புவித்தல். இரண்டாவது, ஒரே சந்தையை நம்பியிராமை. ஒரு நாட்டின் கதவு அடைபட்டால் மற்றொன்று திறந்திருக்க வேண்டும். மூன்றாவது, பொருளின் பெயரைக் காத்தல். இலங்கையிலேயே விளைந்து இலங்கையிலேயே பொதியிடப்பட்ட தேயிலைக்கு மட்டும் வழங்கப்படும் சிங்க இலச்சினை பல நாடுகளில் பதிவாகியிருக்கிறது. ஆட்சிகள் மாறியபோதும் அந்த நற்பெயர் பயன் தருகிறது.

நான்காவது முறையே எல்லாவற்றினும் பெரிது. நாணயம் வீழ்ந்தால் சம்பளம் என்னாகும், எல்லை அடைபட்டால் குடும்பம் என்னாகும், குத்தகை முடிந்தால் லயம் என்னாகும் என்ற கேள்விகளை ஒப்பந்தம் எழுதும் நாளிலேயே எழுப்பி, விடையையும் அதில் எழுதிவிட வேண்டும். ஏலவிலையோடு சேர்ந்து ஏறும் சம்பளம் இயலாத காரியமன்று. விலை இறங்கும் காலத்துக்கு ஒரு தரையும் விலை ஏறும் காலத்துக்கு ஒரு பங்கும் வகுத்துக்கொண்டால், இரு தரப்பும் வர்த்தமானியை எதிர்பார்த்து நிற்க வேண்டியதில்லை.

இதனைத் தருமம் என்று மட்டும் எண்ண வேண்டாம். இன்று மலைநாட்டு இளைஞர் கொழும்புக்கும் மேற்காசியாவுக்கும் வேலை தேடிப் போகின்றனர். அவர்கள் கையில் இப்போது கடவுச்சீட்டு இருக்கிறது. முதலுக்கு மட்டும் உரியதாயிருந்த எல்லை கடக்கும் ஆற்றல் அவர்களுக்கும் வந்துவிட்டது. தங்கள் கணக்கில் நட்டம் மட்டும் எழுதும் தோட்டத்தில் அவர்கள் தங்கப் போவதில்லை. கொழுந்து தளிர்க்கும், மழையும் பெய்யும், பறிக்கக் கை வேண்டுமே!

தேயிலைப் பெட்டி எத்தனை நாடுகளைக் கடந்தாலும் அதன் முதற்கணக்கு பெரட்டுக் களத்தில்தான் தொடங்குகிறது. அந்தக் கணக்கு நேராக எழுதப்பட்டால் ஏனைய நாடுகளின் கணக்குகளை நேராக்குவது எளிதாகும். அது கோணினால், உலகத்துச் சட்ட நிபுணர் அனைவரும் சேர்ந்தாலும் அதனை நிமிர்த்த முடியாது.